வாசகர் கேள்வி – பதில்: மஸ்டாங் அல்ல, ஃபால்கன்

கேள்வி: ‘மேட் மேக்ஸ்’ படத்தில் மெல் கிப்சன் ஓட்டும் கறுப்பு கார் ஃபோர்டு மஸ்டாங் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: இல்லை. 1979-இல் வெளிவந்த அந்த ஆஸ்திரேலியப் படத்தில் வருவது, அந்நாட்டிலேயே தயாரான 1973-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்.பி. ஜி.டி. ஹார்ட்டாப். சரிந்திறங்கும் கூரையும் புடைத்த பின்பக்கமும் அக்கால மஸ்டாங்கை நினைவூட்டுவதோடு, முகப்பில் கூரிய மூக்கொன்றும் தனியே பொருத்தப்பட்டிருப்பதால், கார் பிரியர்களே ஏமாந்துபோகிறார்கள். ஸ்டீயரிங்கைப் பாருங்கள், அது அமெரிக்க மஸ்டாங்கைப் போல இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் இருக்கும். பானெட்டைத் துளைத்து நிற்கும் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வெறும் தோற்றத்துக்காக வைக்கப்பட்டதே என்றாலும், அதன் அடியில் உறுமும் 5.8 லிட்டர் வி8 எஞ்சின் அசலானது. தொடக்கத் துரத்தலில் தப்பியோடுவதோ ஃபால்கனின் பரம எதிரியான ஹோல்டன் மொனாரோ. அதையும் ஃபால்கன் என்று சொல்வது அந்தக் காருக்குச் செய்யும் அநியாயம்.