குளிர்காலத்தில் ராபின்கள் எங்கே போகின்றன?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கோடை முழுக்கப் புல்வெளியில் திரிந்த ராபின் பறவைகள் பனி விழுந்ததும் காணாமல் போகின்றனவே, எல்லாம் தெற்கே பறந்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் போவதில்லை. நிறைய போகும்தான், ஆனால் சில அங்கேயே தங்கிவிடும். அவற்றை விரட்டுவது குளிரைவிட இரைப் பஞ்சம். மண் உறைந்தால் புழு ஏது? அதனால் புல்வெளியை விட்டுவிட்டுக் கூட்டமாகப் பழமரம் தேடிப் போகும். ஜனவரியில் தரையைப் பார்க்காமல் ஜூனிபர், காட்டு ஆப்பிள் மரங்களை அண்ணாந்து பாருங்கள்.

மார்ச் வாக்கில் மண் இளகியதும் ஆண் ராபின்கள் முந்தி வந்துவிடும். தலை நல்ல கறுப்பாக இருந்தால் ஆண். பெண் சற்று வெளிறியிருக்கும். இரை தேடும் ராபின் நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, தலையைச் சாய்க்கும். ஒட்டுக்கேட்பது போலத் தோன்றும். காதும் உதவுகிறது என்றாலும், கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அப்படிச் சாய்த்தால்தான் தரை சரியாகத் தெரியும்.

அப்புறம் கூடு. பெரும்பாலும் பெண்தான் கட்டும். புல்லுக்குள் சேறு பூசி, நெஞ்சால் அழுத்தி அழுத்திக் கிண்ணமாக்கும். மார்பில் சேறு அப்பிய ராபினைக் கண்டால் பக்கத்தில் எங்கோ கூடு வேலை நடக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் 3 அல்லது 4 நீல முட்டைகள். இரண்டு வாரத்தில் பொரியும், இன்னும் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் இறங்கிவிடும். புள்ளி மார்போடு, பறக்கத் தெரியாமல் புல்லில் நிற்கும் குஞ்சைப் பாவம் பார்த்து வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள். தாயோ தகப்பனோ பக்கத்தில்தான் இருக்கும்.