பிகாச்சுவின் மின்சாரம் கன்னத்தில் இருக்க முடியுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு "பிகாச்சுவின் உடலமைப்பு" என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். கார்ட்டூன் எப்படி அறிவியலாகும் என்று ஆசிரியர் தயங்குகிறார். எலி போன்ற ஒரு விலங்கு உண்மையிலேயே மின்சாரம் உண்டாக்க முடியுமா? அவள் எதைக் காட்சிக்கு வைக்கலாம்?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆசிரியரின் தயக்கமும் நியாயமானதுதான். படத்தை வரைந்து, அதில் சொன்னதையே பக்கத்தில் எழுதி வைத்தால் அது அறிவியல் ஆகாது. "இப்படி ஒரு விலங்கு இருந்தால் அதன் உடல் எப்படி இருந்தாக வேண்டும்?" என்று கேட்டுக் கணக்குப் போட்டால், அது நல்ல உயிரியல். உடலியங்கியலை நாங்கள் கற்றுக்கொடுக்கும் முறையே அதுதான்.

1996-ல் ஜப்பானில் வெளியான போக்கிமான் என்ற வீடியோ விளையாட்டில் பிகாச்சு அறிமுகமானது. விளையாட்டே தரும் விவரப்படி உயரம் 0.4 மீட்டர், எடை 6 கிலோ. கன்னத்தில் மின்சாரம் சேமிக்கும் பைகள். அதன் புகழ்பெற்ற தாக்குதலுக்கு ஜப்பானிய மொழியில் பெயரே "ஒரு லட்சம் வோல்ட்". இந்த மூன்று விவரமும் போதும், கணக்கைத் தொடங்கலாம்.

முதலில் ஓர் உண்மை: வலுவான மின்அதிர்ச்சி தரும் பாலூட்டி எதுவும் உலகில் இல்லை. பிளாட்டிபஸ் தன் அலகால் இரையின் மெல்லிய மின்புலத்தை உணரும், ஆனால் அதனால் மின்சாரம் பாய்ச்ச முடியாது. அதைச் செய்பவை மீன்கள்தான். மின்விலாங்கு, ஆப்பிரிக்காவின் மின்கெளுத்தி, கடலில் வாழும் மின்திருக்கை ஆகியவற்றின் மின் உறுப்புகள் தசை செல்கள் உருமாறி வந்தவை. தசை எலிக்கும் உண்டு. ஆகவே மூலப்பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உருமாறிய அந்த செல்லுக்கு எலெக்ட்ரோசைட் என்று பெயர். ஒரு செல் தருவது சுமார் 0.15 வோல்ட்தான். மின்விலாங்கு அவற்றை டார்ச் லைட்டில் பேட்டரி போடுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் இயக்குகிறது. அமேசான் பகுதி மின்விலாங்கு ஒன்றில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். 2019-ல் வெளியான அந்த அளவுதான் விலங்குகளிலேயே அதிகம்.

இப்போது உங்கள் மகள் பென்சிலை எடுக்கட்டும். ஒரு லட்சம் வோல்ட்டை 0.15-ஆல் வகுத்தால் ஆறரை லட்சத்துக்கு மேல் செல்கள் வரும். ஒரு செல்லின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டால், அந்த அடுக்கு 60 மீட்டருக்கு மேல் நீளும். பிகாச்சுவோ 40 சென்டிமீட்டர். மடித்து மடித்து உள்ளே வைத்தால் என்ன என்று கண்காட்சியில் யாராவது கேட்பார்கள். வைத்தால், பக்கத்துப் பக்கத்து மடிப்புகளுக்கு இடையே பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு வந்து, மின்சாரம் உடலுக்குள்ளேயே பாய்ந்துவிடும்.

அடுத்த தடை காற்று. ஒரு சென்டிமீட்டர் காற்று இடைவெளியை மின்பொறி தாண்டுவதற்கே சுமார் 30,000 வோல்ட் வேண்டும். ஒரு லட்சம் இருந்தாலும் சில சென்டிமீட்டர் தூரம்தான் போகும். மீன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, தண்ணீரே மின்சாரத்தைக் கடத்திக் கொடுத்துவிடுகிறது. தரையில் வாழும் விலங்கு எதிரியைத் தொட்டாக வேண்டும். இதற்கும் மின்விலாங்கிடமே உதாரணம் இருக்கிறது. பாதி நீருக்கு வெளியே நிற்கும் எதிரியை அது மிரட்டும்போது, மேலே எழும்பித் தாடையை அதன் உடலில் அழுத்திக்கொண்டு அதிர்ச்சி கொடுக்கும்.

இனி, மின் உறுப்பு இருக்க வேண்டிய இடம். பிகாச்சுவின் கன்னப் பை ஒன்றில் 3 சென்டிமீட்டர் அடுக்கு பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். 300 செல்கள், 45 வோல்ட். இரு பக்கமும் தொடர் இணைப்பில் சேர்ந்தால் 90 வோல்ட். ஈரமான மூக்கோடு முகர வரும் நரிக்கு அது நன்றாக உறைக்கும். ஆனால் இரண்டு பைகளுக்கும் நடுவில் இருப்பது மூளை. மின்சாரத்தின் ஒரு பங்கு அதன் வழியாகவும் போகும். ஓர் உயிரினத்தின் உடலில் மின் உறுப்பு வைக்க இதைவிட மோசமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

வாலைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தசைப்பற்றுள்ள வால் இருந்தால் 2,000 செல்கள், 300 வோல்ட்! மின்கெளுத்தி தருவது அதிகபட்சம் 350 வோல்ட் அளவுதான். மூளையும் இதயமும் தள்ளியே இருக்கின்றன. சுற்றிலும் தடித்த கொழுப்புப் படலம் இருந்தால் இன்னும் பாதுகாப்பு. இயற்கையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு: ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் மார்மிரிட் மீன்களின் மின் உறுப்பு வாலின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. உண்மையான எலியின் வால் பெரும்பாலும் எலும்பும் தசைநாணும்தான் என்பதால், பிகாச்சுவுக்குக் கொஞ்சம் பருத்த வால் வரைய வேண்டியிருக்கும். கன்னத்தின் சிவப்பு வட்டங்களை எதிரிக்கான எச்சரிக்கை நிறமாக வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், "மின் உறுப்பு கன்னத்தில் அல்ல, வாலில் இருக்க வேண்டும்" என்பதையே அவள் தன் கண்டுபிடிப்பாக நடுவில் பெரிதாக எழுதலாம்.

நடத்தையைப் பற்றி விளையாட்டில் வரும் குறிப்புகளும் இதோடு பொருந்திப் போகின்றன. பிகாச்சு வாலைத் தூக்கிச் சுற்றுப்புறத்தைக் கவனிக்குமாம். வாலைப் பிடித்து இழுத்தால் கடிக்குமாம். இரண்டு பிகாச்சுகள் சந்தித்தால் வாலோடு வாலைத் தொட்டு மின்சாரம் பரிமாறி வணக்கம் சொல்லுமாம். கதைதான், ஆனாலும் எனக்கு மிகவும் நம்பும்படியாக இருப்பது இந்த வணக்கம். மென்மையான மின்சாரம் வெளியிடும் மீன்கள் பல அதை வைத்தே இனத்தையும் ஆளையும் அடையாளம் காண்கின்றன. அருகருகே வரும் இரண்டு மீன்களின் அதிர்வெண் ஒன்றாகிவிட்டால், குழப்பம் வராமல் தங்கள் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும் இனங்களும் உண்டு. இதை 1963-ல் பதிவு செய்தவர்கள் வாதனாபே, தகேதா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள். காற்றில் அந்தச் சமிக்ஞை பரவாது, அதனால் தரை விலங்கு தொட்டுத்தான் பேச வேண்டும். கொறிக்கும் விலங்குகளில் வால்மொழிக்கும் பஞ்சமில்லை. கலிபோர்னியாவின் தரை அணில், கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்டால் வாலை ஆட்டுவதோடு அதைச் சூடேற்றவும் செய்கிறது. அந்த வகைப் பாம்பால் வெப்பத்தை உணர முடியும்!

பிகாச்சு கடினமான பழங்களை மின்சாரத்தால் வாட்டித் தின்னும் என்றும், அது வெளியிடும் சக்தி மின்னலுக்குச் சமம் என்றும் விளையாட்டு சொல்வது மட்டும் ஒத்துவரவில்லை. 10 கிராம் பழத்தை 60 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 2,500 ஜூல் (ஆற்றலின் அலகு) வேண்டும். மின்விலாங்கின் ஒரு துடிப்பு 2 மில்லி விநாடிதான், தருவது ஓரிரு ஜூல். ஆயிரக்கணக்கான துடிப்புகளுக்குப் பிறகே பழம் சூடேறும். மின்னலில் 100 கோடி ஜூல் அளவு இருக்கும். 6 கிலோ பாலூட்டி சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்குச் சுமார் 11 லட்சம் ஜூல் செலவாகும். ஒரு மின்னலுக்கு அது இரண்டரை ஆண்டுச் சாப்பாட்டைச் சேர்த்து வைக்க வேண்டும்.

செய்முறைக்கு, 1800-ல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா அறிவித்த மின்அடுக்கை, அதாவது ஆரம்பகால பேட்டரியை, செய்யச் சொல்லுங்கள். அவர் அதை மின்திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டே விளக்கினார், ஆகவே தலைப்புக்கு நேரடித் தொடர்பு. செப்புத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை, துத்தநாகத் தகடு என்ற வரிசையை மாற்றாமல் அடுக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு முக்கால் வோல்ட் கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு ஜோடி கூடும்போதும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் எண் ஏறுவதைப் பார்ப்பவர்களே படிக்கட்டும். சிவப்பு எல்.இ.டி. எரிய நான்கைந்து ஜோடி தேவைப்படும். அட்டையில் ஈரம் வழிந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று கசிந்து வோல்ட் இறங்கிவிடும், பிழிந்து வையுங்கள்.

வீட்டு மின்இணைப்பைக் கண்காட்சிக்காகத் தொடவே கூடாது. கவர்ச்சிக்காக வெள்ளெலியையோ ஹாம்ஸ்டரையோ கூண்டில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம், கூட்டமும் சத்தமும் அவற்றுக்குத் தாங்காது. பிகாச்சுவைப் பார்த்துவிட்டு வருகிற குழந்தைகள் முதலில் பிடித்து இழுக்கப் பார்ப்பது வாலைத்தான். ஜெர்பில் போன்ற சிறு விலங்குகளுக்கு அப்படி இழுத்தால் வாலின் தோல் உறையாகவே உரிந்து வந்துவிடும்.