பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா?

பள்ளி, கல்லூரி எல்லாமே பெண்களோடு மட்டும் படித்தவர் நீங்கள். இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு. 16 வாரப் பயிற்சிக்கு அரசு மகளிர் பள்ளியை எழுதிக் கொடுப்பதா, பக்கத்து ஊர் இருபாலர் உயர்நிலைப் பள்ளியை எழுதிக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபாலர் பள்ளியை எழுதிக் கொடுங்கள். மகளிர் பள்ளியை நான் மட்டம் தட்டுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிள்ளைகள் படிப்புக்கு எது நல்லது என்பது வேறு விவாதம். 2014-இல் வெளிவந்த, 21 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய தொகுப்பாய்விலேயே, ஆண், பெண் தனித்தனிப் பள்ளியில் படிப்பதால் பெரிய ஆதாயம் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கே பேச்சு உங்கள் பயிற்சியைப் பற்றியது. மகளிர் வகுப்பறை உங்களுக்குப் பழகிய இடம். பழகாத வகுப்பறையை, பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியர் இருக்கும்போதே பழகிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நாளைக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) மூலம் வேலை கிடைத்தால் பெரும்பாலும் இருபாலர் பள்ளிக்குத்தான் போவீர்கள்.

ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் நம்பி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இருபாலர் பள்ளி என்றிருக்கும். உள்ளே போனால் ஏ பிரிவு முழுக்கப் பையன்கள், பி பிரிவு முழுக்கப் பெண்கள். சில ஆண்கள் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மட்டும் மாணவிகள் இருப்பார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவதோ 6 முதல் 9 வரைதான். பொதுத்தேர்வு பயத்தில் பத்தாம் வகுப்பைப் பயிற்சி மாணவர் கையில் எளிதில் தரமாட்டார்கள். கல்லூரியிலிருந்து பட்டியல் போவதற்கு முன்பே ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் பாடத்துக்கு வாரத்தில் எத்தனை பீரியட், ஒரு பிரிவில் எத்தனை பேர், அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பயிற்சி மாணவிகள் பயன்படுத்தக் கழிப்பறை இருக்கிறதா, பிரேயருக்கு முன் வந்து சேரப் பேருந்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இதில் நிரந்தர ஆசிரியர் விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். காலிப் பணியிடம் உள்ள பள்ளியில் பயிற்சி மாணவிக்கு முழு டைம்டேபிளையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை, பாடக்குறிப்பைத் திருத்த ஆளில்லை, கையில் ஒரு ரூபாயும் வராது. இதற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பது அநியாயம். சார்ட்டுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகிற செலவும் பயிற்சி மாணவிகள் தலையில்தான். கல்லூரிகள் இதைக் கண்டும் காணாமல் இருப்பது எனக்கு ஆறவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபாலர் வகுப்பில் பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்டதும் முன்வரிசைப் பையன்கள் நாலு பேர் கத்திப் பதில் சொல்வார்கள். பதில் வந்துவிட்டதே என்று நீங்களும் அடுத்ததுக்குப் போய்விடுவீர்கள். பதில் தெரிந்த பெண் பிள்ளைகள் வாய் திறக்காமலே மணி அடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, கவனிக்க வரும் சக பயிற்சி மாணவியிடம் கொடுங்கள். நீங்கள் யாரைக் கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரே பீரியடில், கோடு விழாத மூலை எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மறுநாளிலிருந்து முதலில் கேள்வி, பிறகு குறைந்தது மூன்று விநாடி அமைதி, அதற்குப் பிறகுதான் பெயர் சொல்லி அழைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பெண்ணுக்கு 'சொல்லும்மா', பையனுக்கு 'டேய், எந்திரி' என்று வாயில் வருவதையும் கவனியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பெயர்தான்.

குழு வேலையில் முதல் நாளே கலந்து உட்காரச் சொன்னால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாகச் செய்யட்டும். அடுத்த வாரம் ஒரு பெண் ஜோடியையும் ஒரு பையன் ஜோடியையும் சேர்த்து நால்வராக்குங்கள். இடம் மாறவே ஐந்து நிமிடம் போய்விடும் என்பதால் பாடக்குறிப்பில் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். 'பாய்ஸ் வெர்சஸ் கேர்ள்ஸ்' வினாடி வினா மட்டும் வேண்டாம். வகுப்பு அந்த ஒரு பீரியடுக்குக் கலகலப்பாக இருக்கும், அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக உட்காரவே மறுக்கும்.

அறிவியல் உங்கள் பாடம் என்றால் எட்டாம் வகுப்பில் 'வளரிளம் பருவமடைதல்' பாடம் வரும். பலர் இதை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்விகளை வாங்கி, புத்தகத்தில் உள்ள சொற்களை அப்படியே சொல்லி நடத்துங்கள். நீங்கள் தயங்கினால்தான் சிரிப்பு கிளம்பும்.

மகளிர் பள்ளியே கிடைத்துவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். அங்கே உள்ள சிக்கல் அமைதி. 'புரியுதா?' என்றால் மொத்த வகுப்பும் 'புரியுது மிஸ்' என்று ராகம் போடும். அதை நம்பாமல் கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். ஆண்கள் பள்ளி என்றால் கரும்பலகைப் பக்கம் நெடுநேரம் திரும்பி நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று இரண்டு மூன்று வரியாக எழுதுங்கள். பிரம்பு யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு மாணவர்களை அடிப்பதைத் தடை செய்கிறது. பயிற்சி மாணவி என்பதால் விலக்கு கிடையாது.

இதைப் படிக்கும் ஆண் பயிற்சி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மகளிர் பள்ளி கேட்பதாக இருந்தால் தலைமையாசிரியரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பட்டியலில் பெயர் கொடுங்கள். கடைசி நேரத்தில் மறுத்தால் வேறு பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி வாங்குவதற்குள் நாட்கள் ஓடிவிடும், அந்த வருகையை ஈடுகட்டுவது கஷ்டம்.