மேசை இழுப்பறையில் மூன்று அடகுச் சீட்டுகள்

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். சம்பளம் 42,000 ரூபாய். மனைவி வேறொரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். 20,000 ரூபாய் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக 18,000 வருகிறது. வீட்டுச் செலவை அவள் பார்த்துக்கொள்கிறாள். திருமணமாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் 4,30,000 பாக்கி, மாதத் தவணை 13,900. இரண்டு கிரெடிட் கார்டுகளில் 1,90,000. குறைந்தபட்சத் தொகையான 9,500 ரூபாயைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். எடுத்துவிட்ட ஏலச்சீட்டுக்கு இன்னும் ஒன்பது மாதம், மாதம் 10,000. மனைவியின் 16 பவுன் நகையை மூன்று தடவையாக அடகு வைத்ததில் 5,40,000. கல்யாண வரவேற்புக்கு வாங்கிய கைமாற்றுகளை அதில்தான் அடைத்தேன். போன மாதம் வட்டி கட்டி மறுபடி வைத்தபோது, தங்கம் விலை ஏறியிருந்ததால் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் வளைகாப்பு மண்டபத்துக்கு 25,000 முன்பணம் கொடுத்திருக்கிறேன். நகை லாக்கரில் இருப்பதாகத்தான் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். லாக்கர் சாவியைக்கூட அவள் கேட்டதில்லை. அடகுச் சீட்டுகளை அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பதால் அந்தப் பயம் இல்லை. குழந்தை பிறந்ததும் அவள் வேலையை விட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்பு. அதற்குள் நகையை மீட்டாக வேண்டும். குறைந்த வட்டியில் எங்கே கடன் வாங்கலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, ஏலச்சீட்டுப் பாக்கி 90,000 ரூபாயையும் சேர்த்தால் உங்கள் கடன் பன்னிரண்டரை லட்சம். கூட்டிப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. கடிதத்தில் அந்த மொத்தத் தொகை எங்கேயும் இல்லை. இதைவிடப் பெரிய தொகைகளோடு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் தொகையைப் பார்த்து நான் திகைக்கவில்லை. என்னை நிறுத்தியது ஒரு வாக்கியம். சீட்டுகளை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பதால் "அந்தப் பயம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

எந்தப் பயம்? வட்டி ஏறுகிற பயமா, நகை ஏலத்துக்குப் போகிற பயமா? இரண்டையும் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கிடையாது. துணி மடித்து வைக்கும்போது பீரோவில் சீட்டு மனைவியின் கையில் கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் உங்களுக்கு இருந்த ஒரே பயம். அதற்குப் பூட்டுப் போட்டதும் நிம்மதியாகிவிட்டீர்கள்.

சரி, அந்தப் பூட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்ப்போம். நகைக்கடனுக்கு என்ன முகவரி கொடுத்தீர்கள்? ஆதாரில் இருக்கும் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருப்பீர்கள். ஒரு தவணை தவறினால், கெடு முடிந்தால், ஏலத்துக்கு முன்பு நோட்டீஸ் அந்த முகவரிக்குத்தான் வரும். தபால்காரர் பகலில் வருகிறவர். அந்த நேரத்தில் நீங்கள் பையருக்கு சாம்பிள் அனுப்புகிற மும்முரத்தில் இருப்பீர்கள். வீட்டில் இருக்கப்போவது பிரசவ விடுப்பில் இருக்கும் உங்கள் மனைவி. அவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால், கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். இழுப்பறைச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளை பல்லடம் சாலையில் உங்கள் வண்டியில் ஒரு லாரி இடித்துவிட்டால், அந்த 16 பவுன் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் நகை இல்லாத லாக்கரைத் தேடி வங்கி வங்கியாக அலைவார். கம்பெனியில் உங்கள் மேசையைக் காலி செய்கிறவர் மூன்று சீட்டையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தனுப்புவார். கணவன் போன துக்கத்தோடு அவர் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அது யாருடைய நகை என்பதையும் நினைவுபடுத்திவிடுகிறேன். அவருடைய அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்டு அனுப்பியது. உங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சாப்பிட்ட வரவேற்பு விருந்தின் பாக்கியை அதை வைத்து அடைத்திருக்கிறீர்கள். பெண்ணுக்குப் பெற்றோர் போட்ட நகை பெண்ணின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கில் மறுபடியும் சொன்னது: ஆபத்துக்குக் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டியது அவன் கடமை. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. வரவேற்பு விருந்து என்ன ஆபத்து என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். வழக்குப் போடுவார் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. சாவியைக்கூடக் கேட்காத பெண் வழக்குக்குப் போகமாட்டார். சாவியைக் கேட்காதவரிடம் காட்ட வேண்டிய நேர்மை இன்னும் அதிகம் என்பது என் கட்சி.

"கர்ப்பமாக இருக்கிறவளிடம் இதையெல்லாம் சொல்லி வருத்தலாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்தாம் மாதத்தில் கணவன் வாயிலிருந்து கேட்பதா, ஏழாம் மாதத்தில் சபையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்துகொள்வதா, கைக்குழந்தையோடு நோட்டீஸைப் பிரித்துப் பார்ப்பதா, இந்த மூன்றில் எது அவருக்கு நல்லது என்று யோசியுங்கள். கர்ப்பம் உங்களுக்கு வசதியான சாக்கு. அதற்கு முன்னால் இருந்த ஒன்றரை வருடம் எந்தச் சாக்கு இருந்தது?

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. குறைந்த வட்டியில் எங்கேயும் கடன் வாங்காதீர்கள். உங்கள் கணக்கில் இன்னொரு கடனுக்கு இடம் இல்லை. தனிநபர் கடன் 13,900, சீட்டு 10,000, கார்டு 9,500, நகைக்கடன் வட்டி மாதம் ஒரு சதவீதம் என்று வைத்தால் 5,400. மொத்தம் 38,800. உங்கள் 42,000-ல் மிஞ்சுவது 3,200 ரூபாய், பெட்ரோலுக்கும் டீக்கும். வாடகை, மளிகை, பால், மாதாமாதம் டாக்டர் செலவு எல்லாம் அவருடைய 18,000-ல் நடக்கிறது. "வீட்டுச் செலவை அவள் பார்த்துக்கொள்கிறாள்" என்று நீங்கள் சாதாரணமாக எழுதியதன் பொருள் இதுதான்: இந்த இரண்டு வருடமாக உங்களுக்குச் சோறு போடுவது அவர். அவருக்கே அது தெரியாது.

அப்படிப்பட்ட சம்பளத்தைத்தான் குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடலாம் என்று "முடிவு செய்திருக்கிறோம்" என்கிறீர்கள். கணக்கு தெரியாத ஒருவர் எடுத்த முடிவை இருவரின் முடிவு என்று எப்படிச் சொல்வது? அவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான பணம் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்தே வரும். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் தயவு அல்ல, அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசுக்கான உரிமை. பேறுகாலம் முடியும் முன்பு ராஜினாமா என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அதன் பிறகு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை முழுக் கணக்கையும் பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும். போவதென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மாவோ அவர் அம்மாவோ வந்து இருப்பதில் எனக்குத் துளிக்கூட ஆட்சேபம் இல்லை. பேரப்பிள்ளை வேண்டும் வேண்டும் என்று முதல் மாதத்திலிருந்து கேட்கிறவர்கள் ஆறு மாதம் தூளி ஆட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனையில் "பேக்கேஜ்" பேசியிருந்தால் அதையும் விடுங்கள். இ.எஸ்.ஐ. இருக்கிறது. உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிட்டீர்களா? பிறப்புச் சான்றிதழுக்கே அது வேண்டும். வாங்காவிட்டால் இந்த வாரம் இருவரும் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்.

கார்டு விஷயத்தில் "தவறாமல் கட்டிவிடுகிறேன்" என்பதில் ஒரு பெருமை தெரிகிறது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,90,000-க்கு 6,650. வட்டி மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம், கிட்டத்தட்ட 1,200. நீங்கள் கட்டும் 9,500-ல் அசலில் குறைவது 1,650 ரூபாய். பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குழந்தைக்கு வாங்கும் முதல் சட்டையும் அதில்தான் சேரும். இரண்டு கார்டையும் இன்றே கத்தரியுங்கள். கைப்பேசிச் செயலிகளில் பதிந்து வைத்திருக்கும் எண்களையும் அழித்துவிடுங்கள்.

வெளியே வர வழி இருக்கிறது. அது உங்கள் இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. 2025 செப்டம்பரில் தங்கம் பவுன் 80,000 ரூபாயைத் தாண்டியது, அதற்குப் பிறகும் ஏறியது. 80,000 என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு பவுனை விற்றால் கழிவு போக நகைக்கடன் முழுவதும் முடிந்து, ஒன்பது பவுன் வீட்டுக்கு வந்துவிடும். இன்னும் மூன்று பவுனை விற்றால் இரண்டு கார்டும் முடியும். ஒன்பது மாதத்தில் ஏலச்சீட்டு முடிகிறது. அதன் பிறகு உங்கள் சம்பளத்தில் போவது 13,900 மட்டும். 28,100 ரூபாய் கையில் நிற்கும், குழந்தையை வளர்க்கலாம்.

விலை ஏறியபோது இதே நகையின் மீது கூடுதல் கடன் வாங்கத் தோன்றிய உங்களுக்கு, கொஞ்சத்தை விற்று மீதியை மீட்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? விற்க வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும். கடன் வாங்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் சொல்கிறேன் என்று நீங்களாகப் போய் விற்றுவிடாதீர்கள். விற்பதா வேண்டாமா, விற்றால் ஆரமா, நெக்லஸா, வளையலா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். முடியாது என்று அவர் சொன்னால் அது அவர் உரிமை. அப்போது வருடக்கணக்கில் நீங்கள் ஓவர்டைம் பார்த்தாவது மீட்டுக் கொடுக்க வேண்டும்.

சம்மதித்தால் மூன்று சீட்டில் சிறிய தொகைக்கானதை முதலில் மீட்டு, அதில் வருவதை வைத்து அடுத்ததை எடுங்கள். முதல் சீட்டுக்கான பணத்தை நான்கு நாள் கைமாற்றாக அவர் அப்பாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். மகளை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். நீங்களே போய் மாமனார் எதிரில் உட்கார்ந்து, அவர் போட்ட நகையை என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். "கொஞ்சம் கடன் இருக்கிறது" என்று ஆரம்பிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நகையைச் சொல்லிவிட்டுக் கார்டை மறைப்பார்கள். மூன்று மாதம் கழித்து அது வெளியே வரும். எனக்கு எழுதும் மனைவிகளில் பெரும்பாலோர் முதல் செய்தியை மன்னித்திருக்கிறார்கள். இரண்டாவதை மன்னித்த ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மூன்று சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கார்டு ஸ்டேட்மெண்ட், கடன் பாக்கி விவரம், சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் அச்செடுத்து எதிரில் வையுங்கள். அவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர். உங்களைவிட வேகமாகக் கூட்டிவிடுவார்.

அன்று உங்கள் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாம். "ஆம்பளை ஆயிரம் கடன் வாங்குவான்" என்று யாராவது குறுக்கே பேசினால் காரியம் கெட்டுவிடும்.

வளைகாப்புக்கு மண்டபம் வேண்டாம். அந்தச் சடங்குக்கு வேண்டியது கண்ணாடி வளையலும் வயிறு நிறையச் சாப்பாடும்தான். உங்கள் பக்கத்தில் கட்டுச்சோறு என்ற நல்ல வழக்கமே இருக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையிலேயே முடித்த குடும்பங்கள் எத்தனையோ. மண்டபக்காரரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் வேறு ஆள் கிடைப்பார். முன்பணத்தில் பாதியாவது திரும்பி வரும். வந்தால் கார்டில் கட்டுங்கள்.