நோன்பு கேள்வி-பதில்: களாவுக்குப் பணம் ஈடாகுமா?

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மத்ஹபை (எந்தச் சட்டவழியைப் பின்பற்றுகிறார் என்பதை) குறிப்பிடவே இல்லை. ஷாஃபிஈயா, ஹனஃபியா என்று ஒரு சொல் எழுதியிருந்தால் என் பதில் பாதியாகச் சுருங்கியிருக்கும். எழுதாதவர்களுக்காக இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கே: சஹருக்கு (வைகறைக்கு முன் உண்ணும் உணவுக்கு) எழவில்லை, இரவில் நிய்யத்தும் (நோன்பு வைக்கும் எண்ணமும்) வைக்கவில்லை. காலை எட்டு மணிக்குத்தான் விழித்தேன். அன்றைய ரமளான் நோன்பு கூடுமா?

சஹர் சுன்னத்துதான் (சிறப்பு, கட்டாயமில்லை), அது தவறியதால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் நிய்யத்தில். ஷாஃபிஈயில் ஃபர்ளு (கட்டாய) நோன்புக்கு ஒவ்வோர் இரவும், மஃரிபுக்கும் (சூரியன் மறையும் நேரம்) ஃபஜ்ருக்கும் (வைகறை) இடையில் நிய்யத் வேண்டும். விட்டுவிட்டால் அன்று பகல் முழுவதும் உண்ணாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு களா (விட்ட நாளுக்கு ஈடான நோன்பு) வைக்க வேண்டும். ஹனஃபியில் ஃபஜ்ருக்குப் பின் எதுவும் உட்கொள்ளாதவர் முற்பகலிலும் நிய்யத் வைக்கலாம். கெடு ளுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் வரை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் நடுப்புள்ளிதான் எல்லை, அது உச்சிப்பொழுதுக்கு அரை மணிக்கு மேல் முந்தியே வந்துவிடும். களா நோன்புக்கு ஹனஃபியிலும் இந்தச் சலுகை கிடையாது. தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) முடிந்து எழும்போதே ‘நாளை ரமளானின் ஃபர்ளு நோன்பு’ என்று மனத்தில் எண்ணிவிடுங்கள். வாயால் சொல்வது கட்டாயமில்லை.

கே: பாங்கு சொல்லி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கலாம் என்கிறார்களே?

கூடாது. எல்லை ஃபஜ்ர் உதயம். பாங்கு அது வந்துவிட்டது என்ற அறிவிப்புதான். வாயில் இருப்பதை உடனே துப்பினால் நோன்பு கூடும், விழுங்கினால் களா. இதற்கு நேர்மாறாக, அட்டவணையில் ‘இம்சாக்’ (உண்பதை நிறுத்தும் நேரம்) என்று பத்து நிமிடம் முந்திப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைப்பவர்களும் உண்டு. அது பேணுதலுக்காகப் போட்ட நேரம். அப்போது சாப்பிட்டால் நோன்புக்குக் கேடில்லை.

கே: மறந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டேன்.

நோன்பு முறியவில்லை. கொஞ்சமோ நிறையவோ, ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் ஒரே சட்டம்தான். ஆனால் நினைவு வந்த நொடியில் நிறுத்த வேண்டும். ‘எப்படியும் முறிந்துவிட்டது’ என்று தொடர்ந்து சாப்பிட்டவருக்கு முறிந்துவிட்டது.

கே: மருந்து போட்டால் நோன்பு முறியுமா?

எந்த மருந்து, எங்கே போடுவது? மாத்திரையா, சொட்டா, ஊசியா? ஒற்றை வரியில் கேட்டால் இப்படித்தான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. விழுங்கும் மாத்திரை முறிக்கும். கண்ணில் விடும் சொட்டு முறிக்காது, தொண்டையில் கசப்பு தெரிந்தாலும் சரி. மூக்கில் விட்டு உள்ளே இறங்கினால் முறியும். காதில் விட்டாலும் ஷாஃபிஈயில் முறியும். தசையிலும் தோலுக்கடியிலும் போடும் ஊசி, இன்சுலின் உட்பட, இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரிடம் முறிக்காது. சத்துக்காக ஏற்றும் குளுக்கோஸ் வேறு விஷயம், அது முறிக்கும் என்போர் பலர். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தில் இரு கருத்து உண்டு. மூச்சு முட்டும்போது அதைத் தள்ளிப்போடாதீர்கள், களாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால் முறியாது.

கே: ஒரு ரமளானில் வேலை அதிகம் என்பதால் 20 நோன்பு விட்டுப்போயிற்று. அதன்பின் இரண்டு ரமளான் வந்து போய்விட்டன. உடல்நலத்துக்குக் குறைவில்லை. ஃபித்யா (ஏழைக்குத் தரும் ஈடு) கொடுத்து முடித்துவிடலாமா? தொகை எவ்வளவு?

முடியாது. ஒவ்வொரு ஆண்டும் இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. களா, ஃபித்யா, கஃப்பாரா (குற்றப் பரிகாரம்) மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, எது மலிவோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

களா என்றால் விட்ட நாளுக்கு ஒரு நாள் நோன்பு. உங்களுக்கு 20 நாள், அதில் ஒன்றுகூடக் குறையாது. நோன்புக்குப் பதிலாகவே ஃபித்யா கொடுப்பது இனி ஒருபோதும் நோன்பு வைக்க இயலாத முதியவருக்கும், குணமாகும் நம்பிக்கையில்லாத நோயாளிக்கும் உரியது. ஷாஃபிஈயில் நாளுக்கு ஒரு ‘முத்து’ என்ற அளவு தானியம், ஏறக்குறைய 700 கிராம். பணமாக அல்ல, ஊரின் பிரதான உணவாகவே கொடுக்க வேண்டும். பல நாள்களின் முத்துகளை ஓர் ஏழைக்கே கொடுக்கலாம், ஒரு முத்தை இருவருக்குப் பிரிக்கக் கூடாது. ஹனஃபியில் அரை ‘ஸாஃ’ என்ற அளவு கோதுமை, சுமார் ஒன்றே முக்கால் கிலோ, அல்லது அதன் விலை.

உங்களுக்கும் ஷாஃபிஈயில் தானியம் உண்டு, ஆனால் அது நோன்புக்கு மாற்று இல்லை. களாவைக் காரணமின்றி அடுத்த ரமளானுக்கு அப்பால் தள்ளியதற்கான கூடுதல் கடன். நாளுக்கு ஒரு முத்து, தள்ளிய ஒவ்வொரு ஆண்டுக்கும் பெருகும். இரண்டு ரமளான் கடந்ததால் 40 முத்து, 28 கிலோவுக்குக் குறையாமல். அதோடு 20 நோன்பும். ஹனஃபியில் தாமதத்துக்குத் தானியம் இல்லை, 20 நோன்பு மட்டும்.

இன்னொன்றை நீங்கள் சொல்லவே இல்லை. அந்த நாள்களில் நோன்பே வைக்காமல் இருந்தீர்களா, வைத்துவிட்டுப் பகலில் வேண்டுமென்றே சாப்பிட்டு முறித்தீர்களா? ஹனஃபியில் இரண்டாவதற்குக் களாவோடு கஃப்பாராவும் வரும். இடைவிடாமல் 60 நாள் நோன்பு, அதற்கு உண்மையிலேயே இயலாவிட்டால்தான் 60 ஏழைகளுக்கு உணவு. நடுவில் பெருநாள் குறுக்கிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், எனவே நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்குங்கள். ஷாஃபிஈயில் கஃப்பாரா பகலில் உடலுறவால் முறித்ததற்கு மட்டுமே.

‘சுமார் 20’ என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். விட்ட நாளிலேயே தேதியைக் குறித்து வையுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? எண்ணிக்கை தெரியாதவர், இனி பாக்கியில்லை என்று மனம் உறுதிப்படும் அளவுக்கு வைக்க வேண்டும்.

கே: பால் கொடுக்கிறேன். நோன்பை விட்டால் களா மட்டும் போதுமா?

ஹனஃபியில் போதும். ஷாஃபிஈயில் எதற்காக விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் உடலுக்கு அஞ்சியோ, உங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்து அஞ்சியோ விட்டால் களா மட்டும். குழந்தைக்காக மட்டுமே அஞ்சினால் களாவோடு நாளுக்கு ஒரு முத்து.

கே: மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாதவிடாய் தொடங்கியது.

அன்றைய நோன்பு முறிந்தது, களா உண்டு. தேதியைக் குறித்து வையுங்கள்.

கே: குளிப்பு கடமையான நிலையிலேயே ஃபஜ்ர் ஆகிவிட்டது.

நோன்பு கூடும். குளிக்காமல் ஃபஜ்ர் தொழுகையை விடுவதுதான் குற்றம்.

கே: காலை ஒன்பது மணிக்கு 300 கிலோமீட்டர் பயணம். அன்று நோன்பை விடலாமா?

ஃபஜ்ருக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருந்தால் விடலாம். ஒன்பது மணிக்குப் புறப்படுபவர் ஊரிலிருக்கும்போதே நோன்பைத் தொடங்கிவிட்டார், அன்றையதை முடிக்க வேண்டும். மறுநாளும் பயணத்திலேயே இருந்தால் சலுகை உண்டு. விட்ட நாள்களுக்குக் களா, அதையும் குறித்து வையுங்கள்.

கே: ரமளானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தின் ஆறு சுன்னத்து நோன்பில் களாவையும் சேர்த்து நிய்யத் வைக்கலாமா?

களா நிறைவேறும். ஷாஃபிஈ அறிஞர் பலரிடம் சுன்னத்தின் அடிப்படை நன்மையும் கிடைக்கும், முழுப் பலன் வேண்டுமென்றால் தனித்தனியாக வையுங்கள். ஆறையும் தொடர்ந்து வைப்பது சிறப்பு, விட்டு விட்டும் வைக்கலாம். காரணமின்றி ஃபர்ளை விட்டவர் மட்டும் முதலில் களாவை முடிக்கட்டும், மேலே 20 நோன்புக்காரர் உட்பட.

கே: சுன்னத்தான நோன்பில் இருக்கும்போது விருந்தினர் வந்துவிட்டார். முறித்தேன்.

ஷாஃபிஈயில் களா கட்டாயமில்லை. ஹனஃபியில் தொடங்கிய நஃபிலை (கட்டாயமல்லாத நோன்பை) முறித்தால் களா வாஜிப் (கட்டாயம்).

கே: வெள்ளிக்கிழமை மட்டும் தனியாக நஃபில் வைக்கலாமா?

ஷாஃபிஈயில் மக்ரூஹ் (தவிர்ப்பது நல்லது). வியாழனையோ சனியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அரஃபா நாளோ (துல்ஹஜ் 9) ஆஷூராவோ (முஹர்ரம் 10) வெள்ளியன்று வந்தால் தடையில்லை.

கே: மாதந்தோறும் பிறை 13, 14, 15 நோன்பு வைக்கிறேன். துல்ஹஜ்ஜில்?

கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். பெருநாளை அடுத்த 11, 12, 13 தஷ்ரீக் நாள்கள், அவற்றில் நஃபில் கூடாது. அந்த மாதம் மட்டும் 14, 15, 16 என்று வைத்துக்கொள்ளுங்கள்.