தெருமரத்தை வெட்ட வந்தால் எந்த ஆணையைக் கேட்பது?

கேள்வி: எங்கள் தெரு தமிழகத்தில் ஒரு மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. புங்கன், வேம்பு, தூங்குமூஞ்சி என்று 11 மரங்கள். எல்லாம் 30 வருடத்துக்கு மேற்பட்டவை. மழைநீர் வடிகால் கட்டப்போவதாகச் சொல்லி ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஏழு மரங்களில் சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை அதில் இரண்டை வெட்டி, கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உத்தரவைக் காட்டச் சொன்னால் "ஆபீஸில் இருக்கு" என்பதோடு சரி. எதிர்வீட்டுக்காரர் வேறு, மரம் விழுந்துவிடும் என்று மனு கொடுத்திருக்கிறாராம். எங்கள் நலச்சங்கம் பதிவு செய்யப்படாதது. மிச்சமிருக்கும் ஐந்தைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் இந்த வாரத்துக்குள் இறங்க வேண்டும். மரம் நிற்கும்போது தடை உத்தரவு கேட்கலாம். விழுந்த பிறகு அபராதமும் மரக்கன்றும்தான் கேட்க முடியும்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டெல்லிக்கு 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975ஆம் ஆண்டிலும் கர்நாடகத்துக்கு 1976ஆம் ஆண்டிலும் தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டும். சமவெளி நகரத்துத் தெருமரத்துக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. பெரிய குறைதான். ஆனாலும் கேள்வி கேட்பாரில்லாமல் வெட்டலாம் என்று அர்த்தமில்லை. 2021ஆம் ஆண்டு தமிழக அரசு அரசாணை மூலம் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டும் என்றால் எந்தத் துறையானாலும் இந்தக் குழுவிடம் போக வேண்டும். தவிர்க்கவே முடியாமல் ஒரு மரத்தை எடுத்தால் அதற்கு ஈடாக 10 கன்றுகள் நட வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒப்பந்ததாரரின் வேலை உத்தரவு அல்ல. வடிகால் கட்டும் உத்தரவு வேறு, மரத்தை எடுக்கும் அனுமதி வேறு. பெரும்பாலான தெருக்களில் குழப்பம் இங்கேதான். ஒப்பந்ததாரர் டெண்டர் காகிதத்தைக் காட்டுவார், முத்திரையும் கையெழுத்தும் இருக்கும், மக்களும் அடங்கிவிடுவார்கள். அந்தக் காகிதத்தில் எந்த மரம், எத்தனை மரம், யார் வந்து பார்த்தார், ஏன் வேறு வழி இல்லை என்பவை இருக்காது. மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியில்தான் அவை இருக்க வேண்டும். மரத்துக்கு மரம் அடையாளம் இல்லாமல் "தேவையான மரங்களை அகற்றலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், அதையே வழக்கில் காரணமாக்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, மரங்களைப் பதிவு செய்வது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுத்து, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே நிற்கிறது என்று குறியுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றி அடிமரச் சுற்றளவை எழுதுங்கள். வனத்துறை அளப்பதும் ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில்தான். நான்கு பக்கமும் புகைப்படம், அதில் ஒன்றிலாவது வீட்டுச் சுவரோ மின்கம்பமோ தெரிய வேண்டும். இடக்குறியும் தேதியும் படத்தில் பதிவாகும்படி செல்போனில் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். சிவப்பு பெயின்ட் அடையாளத்தைத் தனியாக நெருக்கத்தில் எடுங்கள். வெட்டப்பட்ட இரண்டின் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்க விடாதீர்கள். அவற்றின் சுற்றளவை எடுத்து, வெட்டுமுகத்தையும் படம் பிடியுங்கள். மரம் உள்ளே உளுத்திருந்ததா, திடமாக இருந்ததா என்பதற்கு அந்த வெட்டுமுகமே சாட்சி. "பட்ட மரத்தைத்தான் எடுத்தோம்" என்ற பதில் நிச்சயமாக வரும். ஓரம் முதல் நடுவரை கெட்டியாக, ஈரம் கசியும் கட்டையின் படம் கையில் இருந்தால் அந்தப் பதில் நிற்காது.

அடுத்தது மனு. மாநகராட்சி ஆணையர், மண்டல அலுவலர், மாவட்டப் பசுமைக் குழுத் தலைவர் என்ற முறையில் ஆட்சியர், மாவட்ட வன அலுவலர் ஆகிய நால்வருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். மின்னஞ்சல் இன்று, பதிவுத் தபால் ஒப்புகை அட்டையுடன் நாளை. சென்னையாக இருந்தால் 1913 என்ற மாநகராட்சித் தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் இயற்கையின் அருமை பற்றிப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். அனுமதி ஆணையின் நகலைக் கொடுக்கவும். அது இல்லையென்றால் வேலையை நிறுத்தவும். வன அலுவலர் நேரில் பார்க்கவும். அதுவரை மீதி ஐந்து மரங்களைத் தொடக்கூடாது. நான்கே கோரிக்கைகள், ஒரு பக்கம், கூடவே மரப்பட்டியல். உயர் நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது "அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா, எப்போது?" என்பதுதான்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 6ஆம் பிரிவு விண்ணப்பம் ஒன்று, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. பதிலுக்கு 30 நாள் அவகாசம் இருப்பதால் இதை நம்பி மரம் காப்பாற்ற முடியாது. பின்னால் வழக்குக்கு உதவும். "ஏன் வெட்டினீர்கள்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். அனுமதி ஆணை, ஆய்வறிக்கை, பசுமைக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, வடிகாலின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வெட்டிய மரத்தின் மதிப்பீடு, ஏல விவரம். அதே சட்டத்தின் 2(j) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். கோப்பைப் புரட்டிப் பார்க்கும்போது, அனுமதி வெட்டுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பது பக்க வரிசையிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அந்த லாரி. தெருமரம் உள்ளாட்சியின் சொத்து. முறையாக வெட்டினாலும் கட்டையை மதிப்பிட்டு ஏலம் விட்டு, பணத்தைக் கருவூலத்திலோ உள்ளாட்சிக் கணக்கிலோ கட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் ஏற்றிக்கொண்டு போனது ஏலம் இல்லாமல் என்றால், அது காவல் நிலையத்துக்குப் போகும் விஷயம். மண்ணில் நிற்கும் மரத்தைத் திருட முடியாது. மண்ணிலிருந்து பிரிந்த நொடியில் அது திருடக்கூடிய பொருளாகிவிடுகிறது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 303ஆம் பிரிவே விளக்கம் தருகிறது. அந்தப் பிரிவின் முதல் உதாரணமே, எடுத்துப்போகும் கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் நிலத்து மரத்தை வெட்டுவதுதான். தண்டனை 3 ஆண்டு வரை. சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு 324ஆம் பிரிவு: அரசு அல்லது உள்ளாட்சிச் சொத்து என்றால் ஓராண்டு வரை, இழப்பு 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை. இதனால்தான் சுற்றளவு அளக்கச் சொன்னேன். வனத்துறை மதிப்பீடு அந்த அளவிலிருந்துதான் வரும். 1984ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

காவல் நிலையத்தில் "இது மாநகராட்சி விவகாரம்" என்று திருப்பி அனுப்பலாம். அப்படியானால் புகாரைத் தபாலில் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் உயரதிகாரிக்கோ அனுப்பி, அதிலும் நடவடிக்கை இல்லையென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகாரில் லாரி எண், நேரம், ஆட்களை அனுப்பியவர் பெயர் இருந்தால் நல்லது. யாராவது வீடியோ எடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் சுற்றிய நகல் போதாது, எடுத்தவரின் போனில் உள்ள அசலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மறுபடி ரம்பத்தோடு வந்தால் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பது, வண்டியை மறிப்பது வேண்டாம். அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவில் உங்கள் மீதே வழக்கு வரும், கதை திசைமாறிவிடும். நான்கு பேர் நின்று வீடியோ எடுங்கள், அனுமதி நகலைக் கேளுங்கள், 100க்கு அழைத்து அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத வேலைக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

நிற்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் மனு. அன்றைக்கே வெட்டும் அபாயம் இருந்தால் வழக்கறிஞர் லஞ்ச் மோஷன் கேட்பார். மதியமே எடுத்துக்கொள்ளச் சொல்லி காலையில் அமர்வு முன் முறையிடுவது அது. தெருவாசி என்ற முறையில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராகப் போகலாம், பொதுநல வழக்காகவும் போகலாம். பொதுநல வழக்கு என்றால் சொந்தச் செலவில் போடுகிறேன், வேறு உள்நோக்கமில்லை என்ற உறுதிமொழி கேட்பார்கள். சங்கம் பதிவாகாததால் அதன் பெயரில் போட வேண்டாம். இரண்டு மூன்று குடியிருப்பவர்கள் தங்கள் பெயரில் போட்டால் போதும். சிவில் நீதிமன்றத்திலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து அனுமதி பெற்று வழக்கிடலாம். ஆனால் அரசை எதிர்த்தரப்பாக்கினால் அதே சட்டத்தின் 80ஆம் பிரிவின் இரண்டு மாத முன்னறிவிப்பு குறுக்கே வரும். அவசரம் என்று விலக்குப் பெற வேண்டும். உங்கள் நிலைமைக்கு ரிட்டே நேர்வழி.

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தைப் பலரும் முதலில் நினைக்கிறார்கள். அதன் அதிகாரம் சட்ட அட்டவணையிலுள்ள வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முதலான மத்தியச் சட்டங்களோடு கட்டப்பட்டது. ஒரு தெருவின் ஏழு மரங்கள் என்றால் அதிகார வரம்பு பற்றிய ஆட்சேபமே வழக்கை இழுத்துவிடும். போவதானால் 6 மாதக் கெடு இருக்கிறது, மேலும் 60 நாள் வரை மன்னிக்கலாம்.

நீதிமன்றத்தில் மரப்பாசம் மட்டும் வெல்லாது. எதிரே நிற்பது வெள்ள வடிகால், அதுவும் பொதுநலம்தான். "வடிகால் வேண்டாம்" என்று நின்றால் தோற்பீர்கள். "வடிகாலும் வேண்டும், மரமும் வேண்டும், இதோ வழி" என்று நில்லுங்கள். அதற்கு வேரைப் புரிந்துகொள்ள வேண்டும். மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் பக்கவாட்டில் பரவுகிறது. பாதுகாக்க வேண்டிய பரப்பு என்று மர வல்லுநர்கள் கொள்வது, அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரம். 190 செ.மீ. சுற்றளவுள்ள வேம்புக்கு விட்டம் ஏறக்குறைய 60 செ.மீ., ஆரம் 7.2 மீட்டர். குறுகிய தெருவில் அவ்வளவும் விடமுடியாதுதான். ஆனால் ஜேசிபியை அடிமரத்தை ஒட்டி இறக்கி ஒரு பக்க வேரை முழுக்க அறுப்பதற்கும், அந்த இடத்தில் மட்டும் கடப்பாரையால் கையால் தோண்டி, பருத்த வேர்களை விட்டு, வடிகாலை ஒரு மீட்டர் சாலைப்பக்கம் வளைத்துப் போவதற்கும் மரத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் உயிர்தான். ஒரு பக்க வேர் போன மரம் அன்று நிற்கும். அடுத்த புயலில் மறுபக்கமாகச் சாயும். "மரங்கள் ஆபத்து" என்று பேசப்படுவதில் எத்தனையோ இப்படி நம் கையாலேயே ஆபத்தாக்கப்பட்டவை. ஓய்வுபெற்ற பொறியாளர் யாராவது தெருவில் இருந்தால் மாற்றுப் பாதையை அளவோடு ஒரு வரைபடமாகப் போட்டுத் தரச் சொல்லி மனுவோடு இணையுங்கள். அடிமரத்தை ஒட்டிக் கான்கிரீட் போடுவதையும் எதிர்க்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி டெல்லி தொடர்பான வழக்கில் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது.

வெட்டியதற்கான விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு முன்னுதாரணம்: தாஜ் பாதுகாப்பு மண்டலத்தில் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியவருக்கு மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அபராதத்தை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றது. அந்த மண்டலத்துக்கென்று தனி உத்தரவுகள் உண்டு, அப்படியே இங்கே பொருந்தாது. ஆனால் நீதிமன்றம் மரத்தை விறகு விலைக்கு எடை போடவில்லை என்பதைக் காட்ட உதவும்.

எதிர்வீட்டுக்காரரின் மனுவை அலட்சியம் செய்யாதீர்கள். "மரம் விழும்" என்று எழுத்தில் ஒரு மனு வந்துவிட்டால், நாளைக்கு யார் மேலாவது விழுந்தால் பொறுப்பு தன் தலையில் வரும் என்று அதிகாரி பயப்படுகிறார். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. அந்தப் பயத்தைப் போக்கும் காகிதத்தை நீங்கள்தான் தர வேண்டும். வன அலுவலரின் ஆய்வைக் கேளுங்கள். அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் பொந்துச் சத்தம் வருகிறதா, சாய்வு புதிதா, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து எழும்பியிருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். இவற்றில் ஏதாவது உண்மையிலேயே இருந்தால் அந்த ஒரு மரத்துக்காகப் போராடாதீர்கள். விழக்கூடிய மரத்தை அகற்ற நிர்வாக மாஜிஸ்திரேட் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் உத்தரவிடலாம், அது நியாயமும்கூட. மற்றபடி அவர் குறை இலைக்குப்பையும் காய்ந்த கிளையும் என்றால், தீர்வு கவாத்து. காய்ந்ததையும் வீட்டின் மேல் சாய்ந்ததையும் மட்டும் கழிக்கச் சொல்லி அவரோடு சேர்ந்து நீங்களே மனு கொடுங்கள். அவருடைய எதிர்ப்பு பாதி அடங்கிவிடும். மின்வாரியமும் கம்பியில் உரசும் கிளையைக் கழிக்கலாம். கம்பிக்கு இடைஞ்சல் என்று முழு மரத்தையே எடுக்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 68(5) பிரிவின்படி நிர்வாக மாஜிஸ்திரேட்டிடமோ அரசு குறிப்பிட்ட அதிகாரியிடமோ போக வேண்டும்.

இரவில் பட்டையை வளையமாக உரிப்பது, துளை போட்டு ஆசிட் ஊற்றுவது போன்ற வேலைகளும் நடப்பதுண்டு. புதிய துளையோ உரித்த பட்டையோ தெரிந்தால் அன்றே படம் எடுத்து, வெட்டியதற்கு என்ன புகாரோ அதே புகாரைக் கொடுங்கள். மரத்தில் கிளியோ ஆந்தையோ கூடு கட்டியிருந்தால் அதையும் படத்தோடு வன அலுவலருக்குச் சொல்லுங்கள். காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வன உயிரினச் சட்டம் 1972 வேட்டை என்றே வகைப்படுத்துகிறது. குஞ்சு பறக்கும்வரையாவது வெட்டு நிற்கும்.

மீதி மரங்களை வெட்டுவதற்குப் பதிலாகப் பிடுங்கி வேறிடத்தில் நடுகிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கப் பார்ப்பார்கள். முன்கூட்டியே சில மாதம் கட்டம் கட்டமாக வேரைக் கத்தரித்து, பெரிய மண்கட்டியோடு கிரேனில் தூக்கி, இரண்டு வருடமாவது தண்ணீர் விட்டால்தான் இந்த வயது மரம் தேறும். அந்தத் திட்டமும் பராமரிப்புப் பொறுப்பும் பெயரோடு எழுத்தில் இல்லாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு மரத்துக்கு வரவேண்டிய 20 கன்றுகளையும் எந்தத் தெருவில், எந்தத் தேதிக்குள், எத்தனை அடி உயரக் கன்று, யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டு இதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.