சம்பந்தியம்மாளுக்கும் படம் புரிய வேண்டும்

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறோம். மருமகள் பிரெஞ்சுக்காரப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தியம்மாளும் எங்களோடு உட்கார்ந்து தமிழ்ப் படம் பார்க்கிறார். ஓடிடி சந்தா கட்டியிருந்தும் பல படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில்தான் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. பிரெஞ்சு சப்டைட்டிலை நாமே சேர்க்க முடியுமா? அதற்குத் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: முடியும். மடிக்கணினி இருந்தால், அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளைத் தவிர எதுவும் வாங்க வேண்டாம். அதிலும் விலை குறைந்ததே போதும்.

முதலில் உங்கள் தளத்தில் பிரெஞ்சு உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். தளத்திடம் இருக்கும் எல்லா மொழிகளும் எல்லாத் திரைகளிலும் தெரிவதில்லை. நெட்ஃபிளிக்ஸின் தொலைக்காட்சிச் செயலி, நாட்டையும் கணக்கின் மொழியையும் பார்த்து ஒரு சில மொழிகளை மட்டுமே நெடுங்காலம் காட்டி வந்தது. படத்துக்கு உள்ள மொழிகள் அனைத்தையும் தொலைக்காட்சியிலேயே தேர்ந்தெடுக்கும் வசதி 2025-ல்தான் வந்தது. ஆகவே கணக்கு அமைப்புக்குள் போய், சம்பந்தியம்மாளுக்கென்று ஒரு தனிப் பெயரில் சுயவிவரம் திறந்து, அதன் மொழியைப் பிரெஞ்சாக வையுங்கள். அதே படத்தைக் கணினி உலாவியிலும் (பிரவுசர்) ஒரு முறை திறந்து பாருங்கள். சில சமயம் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அங்கும் இல்லையென்றால் சொந்தக் கோப்புதான். பெரிய ஓடிடி தளங்களின் செயலிகளில் உங்கள் சப்டைட்டிலை ஏற்றும் பொத்தான் கிடையாது. தொலைக்காட்சியிலும் செல்போனிலும் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் சப்டைட்டில் என்பது படத்தோடு ஒட்டிப் பிறந்த ஒன்றல்ல. எந்த நொடியில் எந்த வரி தெரிய வேண்டும் என்று எழுதிவைத்த எளிய எழுத்துக் கோப்பு. எஸ்.ஆர்.டி. என்னும் வகைக் கோப்பை நோட்பேடில் திறந்தால் வரிசை எண், 00:12:41,300 --> 00:12:43,900 என்று நேரம், அதன் கீழே வசனம், அவ்வளவுதான் இருக்கும். தளங்கள் பூட்டிவைத்திருப்பது படத்தை. அந்தப் பூட்டைத் தொடாமலேயே, ஓடுகிற படத்தின் மேல் நம் எழுத்தைக் காட்ட முடியும்.

அதைச் செய்வது உலாவியில் சேர்க்கும் விரிவாக்கம் (எக்ஸ்டென்ஷன்) என்னும் சிறு நிரல். குரோமுக்கும் அதன் வகையைச் சேர்ந்த உலாவிகளுக்கும் ஏ.எஸ்.பி. பிளேயர் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நிரல் எவரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. மொழி கற்பவர்களுக்காகச் செய்தது என்றாலும் உங்கள் தேவைக்கும் பொருந்தும். படத்தை உலாவியில் ஓடவிட்டு, கோப்பை அதில் ஏற்றினால் எழுத்து படத்தின் மேல் வரும். பிறகு கேபிளைத் தொலைக்காட்சியில் செருகிவிடுங்கள். உலாவித் திரையைக் கம்பியில்லாமல் தொலைக்காட்சிக்கு அனுப்பிப் பார்த்தவர்களுக்குப் படம் கறுப்பாகப் போய் ஒலி மட்டும் கேட்பதுண்டு; கேபிள் நம்பகமானது.

இரண்டு எச்சரிக்கைகள். இத்தகைய விரிவாக்கங்கள் நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே உலாவிக் கணக்கில் அதை வைக்காதீர்கள். படம் பார்க்க மட்டும் தனி உலாவிக் கணக்கு வைத்து, அனுமதியையும் ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று குறுக்கிவிடுங்கள். அடுத்து, தங்கள் சேவைக்குள் வேறு நிரலைச் சேர்க்கக் கூடாது என்று சில தளங்களின் பயன்பாட்டு விதிகள் பொதுவாகச் சொல்கின்றன. விரிவாக்கம் படத்தைப் பிரதி எடுப்பதில்லை, பூட்டை உடைப்பதும் இல்லை. இருந்தாலும் அந்த விதி இருப்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

பிரெஞ்சு வரிகளுக்கு எங்கே போவது? பிரான்ஸில் திரையரங்குக்கு வரும் தமிழ்ப் படங்களில் பலவற்றுக்குப் பிரெஞ்சு சப்டைட்டில் உண்டு. அது ஓடிடிக்கும் வந்து சேரும் என்று சொல்வதற்கில்லை. கிடைக்காதபோது, ஆங்கில வரிகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பிரெஞ்சாக்கிக்கொள்ளத்தான் எல்லோருக்கும் கை போகும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு இருப்பதுபோல் பிரெஞ்சிலும் த்யூ, வூ என்று இரண்டு இருக்கின்றன. நடுவில் உள்ள ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. மாமனாரை அதுவரை ‘நீங்கள்’ என்றே அழைத்த மருமகன், கோபத்தின் உச்சியில் ‘நீ’ என்று சொல்லும் இடத்தில் தமிழ் பார்வையாளர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆங்கிலம் வழியாகப் போன பிரெஞ்சில் அந்த இடம் செத்துப்போகும். அல்லது முதல் காட்சியிலிருந்தே மருமகன் மாமனாரை த்யூ போட்டுப் பேசிக்கொண்டிருப்பான். மச்சான், கொழுந்தன், சகலை மூவரும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடுகிறார்கள். அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே கலங்கிவிடும்.

இதைச் சரிசெய்ய உங்களைவிடத் தகுதியானவர் யார்? இரண்டு மொழியும் உங்கள் வீட்டிலேயே புழங்குகின்றன. இயந்திரம் தந்த கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் தமிழைச் சொல்ல, மருமகள் பிரெஞ்சைத் திருத்தட்டும். சாதாரணப் படத்தில் ஆயிரத்துக்கு மேல் வரிகள் இருக்கும், ஒரே நாளில் முடியாது. எல்லாவற்றையும் திருத்த நேரமில்லையென்றால் விளிச்சொற்களையும் த்யூ, வூ இரண்டையும் மட்டுமாவது பாருங்கள். படத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. வரிகளைக் குறுக்கவும் தயங்க வேண்டாம். ஆங்கில சப்டைட்டிலுக்கு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி என்பதே நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் வரம்பு. உங்களுக்கும் அது நல்ல அளவுகோல். சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்ற எழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் உள்ள குறிகள் சிதைந்து வரும்.

கேள்வி: படத்துக்கு ஏற்ற சப்டைட்டில் கோப்பையே ஏற்றினேன். தொடக்கத்தில் ஓரளவு பொருந்துகிறது, போகப் போக விலகுகிறது. இடைவேளைக்குள் வசனம் ஓரிடம், எழுத்து ஓரிடம். கோப்பு கெட்டுப்போனதா? (வாசகர், கோவை)

பதில்: கோப்பு கெடவில்லை, வேறு பிரதிக்காகச் செய்யப்பட்டது. விலகல் இரண்டு வகை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால், படத்தின் தலைப்பகுதி மாறியிருக்கிறது என்று பொருள். இந்தியப் பிரதியில் தணிக்கைச் சான்றிதழும் புகையிலை எச்சரிக்கையும் முன்னால் ஓடும், வெளிநாட்டுப் பிரதியில் அவை இல்லாமல் போகலாம். இதற்கு விரிவாக்கத்திலேயே நேரத்தை முன்பின் நகர்த்தினால் போதும். கணினியில் படம் ஓட்டும் இயக்கியான வி.எல்.சி.யில் சொந்தப் படக் கோப்பைப் பார்ப்பவர்கள் ஜி, எச் விசைகளை அழுத்தலாம். ஓர் அழுத்தலுக்கு 50 மில்லிநொடி நகரும்.

உங்களுடையது இரண்டாம் வகை, வேக வேறுபாடு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் (பிரேம்) என்ற கணக்கில் ஓடுவது. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் அதையே 25-ஆக ஓட்டுவார்கள். வேறுபாடு 4 சதவீதம்தான். ஆனால் இரண்டு மணி நேரப் படம் முடியும்போது அது ஏறத்தாழ 5 நிமிடமாகப் பெருகிவிடும். இதை நகர்த்தித் தீர்க்க முடியாது, நீட்டவோ சுருக்கவோ வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. வேகம் என்னவென்று தெரியாவிட்டால், படத்தின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் அவை ஒலிக்கும் நேரத்தோடு பொருத்திக் காட்டினால், இடைப்பட்டதை அதுவே கணக்கிட்டுவிடும். நடுவில் ஒரு காட்சி வெட்டப்பட்டிருந்தால் மட்டும் அந்த இடத்திலிருந்து தனியாக நகர்த்த வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டினால் எந்த ஓடிடி படத்துக்கும் எந்த மொழியிலும் சப்டைட்டில் தரும் செயலி என்று விளம்பரம் வந்தது. செல்போனின் செயலிக் கடையில் இல்லை, அவர்கள் அனுப்பும் இணைப்பிலிருந்து இறக்க வேண்டுமாம். ஓடிடி கடவுச்சொல்லையும் கேட்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வாங்காதீர்கள். கடவுச்சொல்லைக் கேட்ட இடத்திலேயே இந்தப் பேச்சு முடிந்துவிட்டது. சப்டைட்டில் காட்டுவதற்கு உங்கள் கடவுச்சொல் யாருக்கும் தேவையில்லை. மேலே சொன்னபடி, இந்த வேலைக்குக் காசே தேவையில்லை.

எழுத்துக் கோப்புதானே, என்ன ஆபத்து என்று நினைக்கவும் வேண்டாம். தீய நோக்கத்தோடு தயாரித்த சப்டைட்டில் கோப்பு மூலம் கணினியைக் கைப்பற்ற முடியும் என்று செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 மே மாதத்தில் காட்டினார்கள். வி.எல்.சி., கோடி (Kodi) உள்ளிட்ட நான்கு இயக்கிகளில் அந்த ஓட்டை இருந்தது, பின்னர் அடைக்கப்பட்டது. இயக்கியையும் உலாவியையும் புதுப்பித்து வைத்திருப்பதுதான் உங்கள் காப்பு. ஓப்பன் சப்டைட்டில்ஸ் என்ற பெரிய சேமிப்புத் தளத்தில் 2021-ல் ஊடுருவல் நடந்து, ஏறக்குறைய 70 லட்சம் பயனர்களின் விவரங்கள் கசிந்தது 2022 ஜனவரியில் வெளிவந்தது. இத்தகைய தளங்களில் கணக்குத் திறந்தால் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள்.

கோப்பின் அளவையும் பாருங்கள். ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் 100 கிலோபைட் சுற்றுவட்டத்தில் இருக்கும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் தமிழ்க் கோப்பு அதைப்போல இரண்டு மூன்று மடங்காகலாம். சப்டைட்டில் என்று சொல்லிப் பல மெகாபைட் இறங்கினாலோ, திறப்பதற்கு எதையாவது நிறுவச் சொன்னாலோ உடனே அழித்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணைத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும். முறையான நிறுவனத்தோடு சந்தாத் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: நாங்கள் சிரமப்பட்டுச் செய்த பிரெஞ்சு சப்டைட்டிலோடு ஒரு படத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் திரையிடலாமா? கோப்பை இணையத்தில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா? (வாசகர், லா கூர்நெவ், பிரான்ஸ்)

பதில்: மண்டபத்தில் வேண்டாம். வீட்டுச் சந்தா வீட்டுக்கானது. பிரெஞ்சுச் சட்டம் குடும்ப வட்டத்துக்குள் இலவசமாகக் காட்டுவதைத்தான் விலக்கி வைத்திருக்கிறது. சங்கக் கூட்டம் குடும்ப வட்டமாகாது. உரிமை வைத்திருக்கும் விநியோகஸ்தரிடம் எழுதிக் கேளுங்கள். சப்டைட்டில் தயாராக இருக்கிறது என்று சொன்னால் அவருக்கும் அது பயன்படக்கூடும்.

இணையத்தில் பகிர்வது இன்னும் சிக்கலானது. வசனத்தை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்குரியது என்பது பிரான்ஸிலும் சட்டம், இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படியும் அப்படியே. நெதர்லாந்தில் ரசிகர்கள் செய்யும் சப்டைட்டில் குழு ஒன்று தங்கள் பணி சட்டப்படியானது என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போட்டது. ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2017-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சம்பளம் வாங்காமல் ராத்திரி கண்விழித்து மொழிபெயர்ப்பவர்களை நான் மதிக்கிறேன். அதனாலேயே இதைச் சொல்கிறேன்: உழைப்பு உங்களுடையதாக இருந்தாலும் வசனம் இன்னொருவருடையது.

கேள்வி: என் அப்பாவுக்குக் காது கேட்பது நின்று நான்கு ஆண்டுகளாகின்றன. தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் இருக்கிறது, தமிழில் இல்லை. இவருக்கு என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தமிழ் தெரியாதவர் தமிழ்ப் படம் பார்க்க வழி செய்துவிட்டு, தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இது பெரிய குறை.

உடனடி வழி மேலே சொன்னதே. ஆங்கிலக் கோப்பில் நேரக்குறிப்பு சரியாக இருக்கும். வசனத்தை மட்டும் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்தால் போதும். இங்கே மொழிபெயர்ப்பு இல்லை, வெறும் எழுத்துப் பணி. ஒலியைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவியை ஓப்பன் ஏஐ 2022-ல் இலவசமாக வெளியிட்டது, அது தமிழும் எழுதும். ஆனால் வட்டார வழக்கிலும் இசையோடு கலந்த பேச்சிலும் தடுமாறும். அது எழுதித் தருவதை நீங்கள் ஒரு முறை கேட்டுத் திருத்தியாக வேண்டும். கதவு தட்டும் ஒலி, தொலைபேசி மணி போன்றவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். காது கேட்காதவருக்கு அவையும் கதைதான். சந்தா வாங்கும்போது செல்போனுக்கு மட்டுமான மலிவுத் திட்டத்தை எடுத்துவிடாதீர்கள், கணினி உலாவியில் அது ஓடாமல் போகலாம்.

அதோடு தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அவர் பெயரும் மின்னஞ்சலும் தளத்திலேயே இருக்கும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளோடு இணைந்த நெறிமுறை, மாற்றுத்திறனாளிகள் பார்க்கும் வசதியைத் தளங்கள் இயன்ற அளவு மேம்படுத்த வேண்டும் என்கிறது. புகாருக்கு 15 நாளில் பதில் என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. அந்த நெறிமுறையைப் பின்பற்றக் கட்டாயப்படுத்தும் பிரிவுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்ததால், அதை மட்டும் நம்பி மிரட்ட முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐயும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். திரையரங்குகளுக்கான அணுகல் நெறிமுறையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

புகாரில் ‘தமிழ் சப்டைட்டில் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்பா பார்க்க விரும்பும் 5 படங்களின் பெயரைக் குறிப்பிட்டு, ஆங்கில வரி இருப்பதையும் தமிழ் வரி இல்லாததையும் காட்டும் திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.